ஆயிரத்து எண்ணூற்றைம்பது

கிளைபெடா துறைமுகத்துக்குப் பின்னால்
லாரிகளை ஏற்றி எடை பார்க்கும் மேடைகளைப்
பழுதுபார்க்கிறது எங்கள் கம்பெனி.
பதினொரு பேர்.
பன்னிரண்டாவது நாற்காலிக்கு ஆள் பிடிப்பது
என் பொறுப்பு.

‘தகுதிக்கேற்ற ஊதியம்’ என்றுதான்
விளம்பரத்தில் போட்டுவந்தோம்.
யாருடைய தகுதி என்று
எவரும் கேட்டதில்லை.

டௌமான்டஸும் கேட்கவில்லை.
ஷௌலேயிலிருந்து மூன்று தடவை பஸ் ஏறி வந்தான்.
முதல் தடவை பேச்சு.
இரண்டாம் தடவை பரீட்சை:
ஒரு மேடையின் உள்ளுறுப்புகளைக் கழற்றிக் கொட்டினோம்,
நாற்பது நிமிடத்தில் பூட்டிக் காட்டினான்.
மூன்றாம் தடவை காபி, பாப்பி விதை கேக்,
எல்லோரோடும் கைகுலுக்கல்.
அப்புறம்தான் நான்
தாளைத் திருப்பி வைத்தேன்.

திட்டவில்லை.
தாளை நான்காக மடித்தான்,
பிரித்தான்,
மடிப்பை விரலால் நீவி
என் பக்கமே தள்ளினான்.
‘இந்தத் தொகை நான் முதலில் வந்தபோதே தெரியுமா?’
தெரியும்.
அதற்கும் இரண்டு மாதம் முன்பே தெரியும்.
‘பஸ்ஸுக்கு மட்டும் எழுபத்தெட்டு யூரோ’ என்றான்,
கணக்குக் கேட்கிற குரலில் இல்லை,
மணி என்ன என்று சொல்கிற குரலில்.

முதலாளி நோர்பெர்தாஸ் சொன்னார்:
‘வேலையைக் காட்டு, பிடித்துப்போகட்டும்,
பிறகு தொகையைச் சொல்.
பிடித்துப்போனவன் பேரம் பேசமாட்டான்.’
விரலுக்குத் தகுந்த வீக்கம்தானே,
அந்த விரலை ஏன்
கையுறைக்குள் ஒளித்துவைக்கிறோம்?
கேட்கவில்லை நான். காபிக் கோப்பைகளைக் கழுவினேன்.

பனிக்காலத்தில் வெறும் மேடையும் எடை காட்டும்.
முந்நூறு கிலோ, நானூறு கிலோ.
லாரி ஏறுமுன் பெருக்கித் தள்ள வேண்டும்,
இல்லையென்றால் வாங்குகிறவன்
பனிக்கும் சேர்த்துக் காசு கொடுப்பான்.
வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் தரும் கையேட்டில்
முதல் பக்கத்திலேயே இருக்கிறது இது.
கொட்டை எழுத்தில்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்,
அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரம்
ஔஷ்ரினேக்குப் போன் போட்டேன்.
நான் ஜிட்ரூனே, எடைமேடைக் கம்பெனி.
வேறெதுவும் பேசுமுன்:
பிடித்தம் போகக் கையில் ஆயிரத்து எண்ணூற்றைம்பது.
வைத்துக்கொண்டு மறைக்கவில்லை,
அதற்குமேல் இல்லை.
ரீகா ஆர்டர் வந்தால் மே மாதம் ஏறலாம்.
வராமலும் போகலாம்.

அந்தப் பக்கம் வாஷிங் மெஷின் சுழன்றது.
நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்.
வைத்துவிடுவாள் என்றும்.
‘நீங்கள் எவ்வளவு வாங்குகிறீர்கள்?’ என்றாள்.

ஒரே ஒரு எண்ணுக்குத்தான்
உண்மை சொல்லத் தயாராகி வந்திருந்தேன்.
ஒன்பது வருடம்.
அக்காவிடம் கூட்டிச் சொன்னது,
வங்கியில் எழுதிக்கொடுத்தது,
வாய்விட்டு ஒருநாளும் சொல்லாதது.
ஆயிரத்து எழுநூற்றுப் பத்து.

‘நூற்று நாற்பது குறைச்சல்’ என்றாள்
நான் கழிக்குமுன்.

பிறகு அவளே சொன்னாள்,
எனக்கு இரண்டாயிரத்து முந்நூறாவது வேண்டும்,
பையனுக்குப் பல்லில் கம்பி கட்டுகிறோம்,
வர முடியாது.
வருத்தமில்லை, பரீட்சைக்கென்று
லீவு போடாமல் தப்பித்தேன்.
சிரித்தாள். நானும் சிரித்தேன்.
மெஷின் நின்றுபோயிருந்தது,
துணி எடுக்க வேண்டும் என்றாள்.

நோட்டில் எழுதினேன்:
ஔஷ்ரினே. இல்லை. ஆறு நிமிடம்.
பஸ் செலவு என்ற இடத்தில் ஒரு பூஜ்யம்.
அதன் கீழே, யாரும் கேட்காமல்,
நூற்று நாற்பது.

இரண்டு மணிக்கு நோர்பெர்தாஸின் கதவைத் தட்டினேன்.
ரீகாவோடு பேசிக்கொண்டிருந்தார்.
உட்கார் என்று கையைக் காட்டினார்.
பூட்ஸிலிருந்து பனி உருகித்
தரைவிரிப்பில் இறங்கியது.
நான் உட்காரவில்லை.