ஒரு சதுர மீட்டர்

நான்கு முளை, ஒரு கயிறு.
உள்ளே குனிந்திருக்கிறாள் எஷிமெபெத்.
காட்டு ஒலிவக் கன்று மூன்று.
ஜூனிப்பர் ஒன்று,
ஆடு கடித்தும் துளிர்த்தது.
எழுதிக்கொள்கிறாள்.

சுவருக்கு வெளியே கோண்டர் மலைச்சரிவு முழுக்க
அறுத்துப்போட்ட பார்லி வயல்;
ஒதுங்க ஒரு நிழல் கிடையாது.
உள்ளே வட்டக் கோயில்,
அதை இறுக்கிப் பிடித்தபடி
மிஞ்சிய காடு.
செருப்பை வாசலில் விட்டுத்தான் வந்தாள்.
ஆய்வுக்கு வந்தாலும் இங்கே கால் வெறுங்கால்தான்.

தண்ணீர்க் குடத்தோடு வருகிறாள்
துறவி வெலெத்தெ மரியம்.
கயிற்றைப் பார்த்ததும் நிற்கிறாள்.
ஒரே எட்டில் தாண்டிவிடலாம்.
தாண்டவில்லை.
நெற்றியிலும் மார்பிலும் சிலுவை வரைந்து
முள்ளுக்குள் இறங்கிச் சுற்றிப் போகிறாள்
ஒரு சொட்டும் சிந்தாமல்.

"அம்மா, இது வெறும் கணக்கு" என்று
சொல்ல வாயெடுத்தவள்
சொல்லவில்லை.
மறுபடி குனிந்தாள்,
இந்த முறை
மூச்சு இலையில் படும் அளவுக்கு.

சருகுக்கு அடியில் நான்காவது ஒலிவம்.
நகத்தளவு.

மூன்றை அடித்து நான்கு என்று எழுதினாள்.
பிறகுதான் உறைத்தது:
அப்படியானால் காலையிலிருந்து எண்ணிய
அந்தப் பதினேழு சதுரம்?

மரக்கிளையில் தொங்கும் கல்மணியை
யாரோ தட்டுகிறார்கள்.
முளைகளைப் பிடுங்கி,
கயிற்றை முழங்கையில் சுற்றியபடி
முதல் சதுரத்துக்கே நடக்கிறாள்,
ஒவ்வொரு அடியும்
எங்கே வைக்கிறோம் என்று பார்த்து.