ஃப்ரிட்ஜில் இருந்த மாலை

பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார்.
வெளிநாட்டு விருந்தினரை எப்படிக் கும்பிடுவது என்று
ஒரு முழு நாள். ஆளுக்கு ஆயிரத்து இருநூறு,
மதியம் வெஜ் பிரியாணி.
குனிவது பதினைந்து டிகிரி.
சிரிப்பில் பல் தெரியலாம், ஈறு தெரியக் கூடாது.
வாசலிலேயே மாலை, இளநீர், ஒரு போன்ழூர்.
அதற்குப் பிறகுதான் பாஸ்போர்ட்.
நோட்டில் எழுதிக்கொண்டேன்,
இரண்டு அடிக்கோடு போட்டு.

துய்மா வீதியில் எங்கள் விடுதி.
ஒன்பது அறை. கடல் தெரியும் என்று போட்டிருக்கிறோம்;
தெரியும், ஆறாம் நம்பரில்
ஸ்டூல் போட்டு ஏறினால்.

அந்தச் செவ்வாய்க்கிழமை
ரெயூனியன் தீவிலிருந்து ஒரு மதாம் வர வேண்டும்.
பிரெஞ்சு பாஸ்போர்ட், ஐந்து இரவு,
பணம் முன்கூட்டியே வந்துவிட்டது.
எட்டு மணிக்கே சம்பங்கி மாலை வாங்கி
பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தேன்.
டாக்ஸி வரும், கதவு திறக்கும்,
ஒரு வெள்ளைக் கால் முதலில் இறங்கும் என்று
கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தது ஆட்டோ.
இறங்கியவர் என் நிறம்,
ஒரு பிடி கூடுதலாகவே.
ஒற்றைப் பெட்டி, வியர்த்த கழுத்து, ரப்பர் செருப்பு.
போன்ழூர் என்றார்.
புதுச்சேரியில் அது ஓர் அடையாளமா?
சொல்தா வீட்டு மனுஷர்கள்
மீன் வாங்கும்போதே சொல்வார்கள்.
ஹவுஸ்கீப்பிங்குக்கு ஆள் கேட்டிருந்தது ஞாபகம் வந்தது.
"மேனேஜர் பத்தரைக்குத்தான் வருவாரு,
அப்படி உட்காருங்க" என்று
வாட்டர் கேன் பக்கத்து நாற்காலியைக் காட்டினேன்.
புரிந்தவர்போல் புன்னகைத்து உட்கார்ந்தார்.

நாற்பது நிமிடம்.
எங்கள் விசிறி அந்தப் பக்கம் திரும்பாது.
மூன்று தடவை அவரைத் தாண்டி
வாசலுக்குப் போய் மதாமைத் தேடினேன்.
ஒரு தடவை, கொஞ்சம் காலை மடக்கிக்கோங்க என்றேன்.

கடைசியில் அவரே எழுந்து வந்து
பாஸ்போர்ட்டை மேசையில் வைத்தார்.
கிளோத்தில்ட் வெலாயுதோம்.
வாய்விட்டுப் படித்தேன். இன்னொரு தடவை படித்தேன்.
வேலாயுதம்.
எங்களுக்கு கேஸ் சிலிண்டர் போடுகிறவர் பெயர்.

மாலையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன்.
பதினைந்து டிகிரி மறந்துபோய்
முதுகு முழுக்க வளைந்தது.
ஃப்ரிட்ஜின் குளிர் கழுத்தில் பட்டதும்
தோள் ஒருமுறை சிலிர்த்தது அவருக்கு.
போன்ழூர் என்றேன், நான் இரண்டாவதாக.

பூர்வீகம் தேடி வந்தீர்களா என்று
லெயோபோல்த் சார் பிரெஞ்சில் ஆரம்பித்தார்,
குரலை ஈரமாக்கிக்கொண்டு.
இல்லை, பல் டாக்டர்கள் மாநாடு.
குளியலறைக் கதவில் துணி மாட்ட ஓர் ஆணி இருக்குமா?
காலை ஆறு மணிக்குக் காபி கிடைக்குமா?
கேட்டது அவ்வளவுதான்.
இரண்டும் எங்களிடம் இல்லை.

புறப்பட்ட அன்று
பயிற்சிப்படி சிரித்து வழியனுப்பினேன்.
கூர்ந்து பார்த்தவர் சாரிடம் ஏதோ சொன்னார்.
"மேல் வரிசை, இடப்பக்கம், நாலாவது.
தள்ளிப்போடாதேங்கிறாங்க சௌந்தரி."
கருத்துப் புத்தகத்தில்
மாலை மிக அழகு என்று ஒரு வரி.
அதன் கீழே பேனாவால்
ஒரு நாற்காலி வரைந்திருந்தார்.

ஆணி அடித்தாயிற்று, அறைக்கு இரண்டாக.
விசிறி இப்போது அந்த மூலைக்கும் போகிறது.
பல்லுக்கு அடுத்த மாதம் பார்க்க வேண்டும்.
கண்ணை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.
அந்த நோட்டில் அதற்கு ஒரு வரியும் இல்லை.

அதனால் யார் படியேறினாலும்
முதலில் தண்ணீர், நாற்காலி. பெயர் பிறகு.
போன வாரம் சிலிண்டரை இறக்கி நிமிர்ந்த
வேலாயுதத்திடம் இளநீரை நீட்டினேன்.
ஸ்ட்ராவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"புக் பண்ணாம இன்னொரு சிலிண்டர் கேப்பீங்க,
அதானே?"