எட்டா, பியா

ஆற்றின் இரண்டு கரையிலும் ஊருக்குப் பெயர் ரைன்ஃபெல்டன்தான்.
வடக்கே இருப்பது ஜெர்மனிக்கு, தெற்கே இருப்பது சுவிஸுக்கு.
ஐந்து வண்டிகள் நாங்கள்.
ஹாம்பர்க் துறைமுகத்தில் மரப்பெட்டி பிரித்தபோது
ஃபிர்தௌஸ் வண்டியின் கண்ணாடியில்
ஸ்ரீபெரும்புதூர்ப் புழுதி அப்படியே இருந்தது.

பதினொன்றேகாலுக்கு வந்து சேர்ந்தோம்.
பயணிகள் வரிசையில் நின்ற எங்களை
ஒரு கை லாரிகள் பக்கம் திருப்பிவிட்டது.
கார்னே என்ற மஞ்சள் புத்தகம் வைத்திருந்தால்
நீ பயணி இல்லையாம்,
சரக்காம்.

டோக்கன் 212.
முன்னால் ரப்பர் செருப்போடு ஒரு போலந்துக்காரர்.
தக்காளி என்று படம் காட்டினார்.
நீ என்ன கொண்டுவந்திருக்கிறாய் என்று
புருவத்தால் கேட்டார்.
என்னையே காட்டினேன்.

ஜெர்மன் சன்னலில் புத்தகத்தை மட்டும் பார்த்தார்கள்.
டப். வெளியேறியாயிற்று.
சுவிஸ் சன்னலில் நால்வருக்கும் விழுந்தது.
ஜெபசிங்குக்கு இரண்டு தடவை,
முதல் தடவை மை போதவில்லை.

என் முறைக்குப் பன்னிரண்டு ஆக மூன்று நிமிடம்.
ஷாஃப்னர் அம்மாள்
(பெயர்ப்பட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தேன்)
இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.
இன்ஜின் நம்பரில் ஒன்பதாவது இடம்:
கார்னேயில் பி.
ஆர்.சி.யில் எட்டு.

சென்னையில் ஒரு மத்தியானம்
யாரோ கண்ணாடி போடாமல் தட்டியிருக்கிறார்கள்.
அதற்குமேல் அவரைத் திட்ட எனக்கு
நேரமில்லை.

அந்த அம்மாளுக்குக் கோபம் வரவில்லை.
வந்திருந்தால் நமக்கு வழி தெரியும்.
கெஞ்சலாம், கத்தலாம்,
‘மேடம், கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க’ எனலாம்.
இவர் பார்த்தார்.
பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.
திரை இறங்கியது. இனி ஒன்றரைக்கு.

ஜெர்மனி என்னை வெளியே எழுதிவிட்டது,
சுவிஸ் இன்னும் உள்ளே எழுதவில்லை.
சாப்பாட்டு நேரம் முழுவதும்
நான் எந்தக் கணக்கிலும் இல்லாமல்
லாரி நிழலில் உட்கார்ந்திருந்தேன்.

யாரையும் விட்டுவிட்டுப் போவதில்லை என்று
கிளம்பும் முன் ஐந்து பேரும்
பரோட்டாவின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தோம்.
இப்போது செண்பகராமனின் செய்தி அக்கரையிலிருந்து வந்தது:
‘கொடி, இங்க காப்பி ஏழு ஃபிராங்க்.
மெதுவாவே வா.’

போலந்துக்காரருக்கும் ஏதோ ஒரு தாள் குறைந்தது.
இரண்டு தக்காளி, பேனாக்கத்தி,
பொட்டலத்தில் உப்பு.
எண்ணிக்கை இடிக்குமே என்று விரல்விட்டுக் காட்டினேன்.
தோளைக் குலுக்கிவிட்டு
பெரிய துண்டை என் பக்கம் தள்ளினார்.
சாறு முழங்கை வரை ஓடியது.

ஒன்றரைக்கு அவர் வெளியே வந்தார்,
கையில் மெல்லிய தாள், பென்சில்.
சேற்றை நான் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன்.
மடிப்புக் கலையாத கால்சட்டையோடு
தார்ச்சாலையில் மண்டியிட்டார்.
நாலணாவைத் தாளுக்கடியில் வைத்துத் தேய்ப்போமே,
அப்படித் தேய்த்தார்.
ஒவ்வொன்றாக எழுந்து வந்தன எண்கள்.

ஒன்பதாவது
எட்டும் இல்லை, பியும் இல்லை.
இடது பக்கம் கொஞ்சம் வளைந்து
கொஞ்சம் நிமிர்ந்து
வார்ப்பிலேயே குழம்பியிருந்தது.
மூன்று தலைகள் அதன்மேல் கவிந்தன:
அவர், நான், தக்காளிக்காரர்.
தக்காளிக்காரர் எட்டு என்றார் போலிருக்கிறது.
அவர் வாக்குக்கு மதிப்பில்லை.

அந்த அம்மாள் தாளை வெயிலில் தூக்கிப் பிடித்தார்.
முதல் தடவையாக
என்ன செய்வது என்று தெரியாத ஒரு முகம்
அவருக்கு வந்தது.
எனக்கு அது பிடித்திருந்தது.
பிறகு உள்ளே போய்
ஜெர்மனில் ஒரு வரி எழுதினார்,
தேய்த்த தாளை ஃபைலில் பின் குத்தினார்,
டப்.

எந்த எழுத்து என்று முடிவு செய்தார்,
நான் கேட்கவில்லை.

பாலத்தை நாற்பதில் கடந்தேன்.
‘என்னாச்சு?’ என்றான் ஃபிர்தௌஸ்.
‘சரக்கு வந்து சேந்துடுச்சு’ என்றேன்.
மருதவாணன் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தான்,
எனக்கும் ஒரு காப்பி வாங்க.

இரவு ஓல்டனில் புத்தகத்தைத் திறந்தால்
முத்திரையின் ஓரமாக
ஒரு தக்காளி விதை ஒட்டிக் காய்ந்திருக்கிறது.
எந்தப் படிவத்திலும் இல்லாதது.
நகத்தால் சுரண்டப் போனேன்.
விட்டுவிட்டேன்.