நூற்றைம்பது

வூப்பர்டாலில் புருஷனுக்கொன்று, பெண்சாதிக்கொன்று
தனித்தனிப் போர்வை.
நிரோஜினி பிடிவாதமாய்
இரண்டு பேருக்கும் ஒன்றே வாங்கினாள்.
அகலம் இரண்டு மீற்றர் நாற்பது.

பனி போனதும் அலுமாரிக்குள் வைக்கப் பார்த்தோம்.
மடித்தோம், உருட்டினோம், முழங்காலால் அமத்தினோம்.
நடுச்சாமத்தில் அது
கதவைத் தள்ளிக்கொண்டு
தரையில் வந்து படுத்தது.

தட்டு எழுபத்தைந்து சென்ரிமீற்றர்.
கடையில் ஐம்பது உண்டு, எழுபத்தைந்து உண்டு,
மிஞ்சிப்போனால் நூறு.
"அதுக்கு மேல?"
அதற்கு மேல் மனிதர்களே இல்லை என்பதுபோல்
பார்த்தாள் அந்தப் பிள்ளை.

பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு அலுமாரிக்கும்
இடைச்சுவரின் மேற்பாதியை
வாளால் அறுத்தேன்.
உள்ளே மரம் இல்லை,
தேன்கூடு மாதிரி மட்டை.
பத்து வருட உத்தரவாதம் அன்றோடு சரி.

மரக்கடை டீற்றர்
நூற்றைம்பதுக்குப் பலகை வெட்டித் தந்தான்.
காதில் பென்சிலைச் செருகியபடி,
"நடுவில் தொய்யும், ஒரு கால் கொடு" என்றான்.

தொய்ந்தது. மே முடிய இரண்டு விரல்.

கால் வெட்ட அளவெடுத்தேன்.
நிரோஜினி அளவு நாடாவை
என் கையிலிருந்து இழுத்துச் சுருட்டினாள்.
"கட்டிலும் நடுவிலதானே பதிஞ்சு கிடக்கு,
விடுங்கோ."