கீழ்ப்பிரிவு

மழை இரண்டு மணிக்கே பிடித்துவிட்டது.
கொட்டகலை ஸ்டேஷனுக்குப் பின்னால், பேக்கரி மாடியில்
வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை.
மேசையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு.
அதற்காக நான் எழுதும் கெர்னல்
இன்னும் சரியாக நடை பழகவில்லை.

அசெம்பிளியில் எதையும் சும்மா எழுதிவிட முடியாது.
எழுதுமுன் சொல்லவேண்டும், இது எந்தப் பிரிவு.
ஒரு புள்ளி, செக்‌ஷன் என்ற சொல், பிறகு பெயர்.
ஓடுகிற கட்டளை டெக்ஸ்டுக்கு,
மாறுகிற எண் டேட்டாவுக்கு.
எனக்கிது புதிதில்லை.
பிறந்ததே கீழ்ப்பிரிவில்,
ஏழாம் லயம், நான்காம் காம்பிரா.

பிஎஸ்எஸ் என்றொரு பிரிவு.
பெயர் உண்டு, அளவு உண்டு,
கோப்பைத் திறந்தால் ஒரு பைட்டும் இல்லை.
இடம் பிறகு தரப்படும், பூஜ்யம் நிரப்பி.
கொழும்பில் முதல் வகுப்பில் இதைக் கேட்டபோது
சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
எங்கள் டிரங்குப் பெட்டியில்
ஏழு பேர்ச் காணி என்று எழுதிய கடிதம் ஒன்று இருந்தது.
என்ன சிரிப்பு என்றார் விரிவுரையாளர்.
ஒன்றுமில்லை சேர், விளங்கிவிட்டது.

இப்போது சிக்கல் வேறு.
பேக்டரியில் கொழுந்து வாட்டும் காற்றாடிகளின் கணக்கை
இந்தப் போர்டு வைத்திருக்கவேண்டும்.
கரண்ட் போனால் பேட்டரிக்கு மாறி
கணக்கை மறக்காமல் காத்திருக்கவேண்டும்.
காத்திருப்பதில்லை. செத்துப்போகிறது.
"மிஸ், ஒங்க பெட்டி மழைக்குப் பயப்படுது"
என்கிறார் எலக்ட்ரீஷியன் ஜெபநேசன்.
என் மேசையில் பன்னிரண்டு முறை ஓட்டினேன், நன்றாக ஓடியது.
ஒருமுறைகூட வயரைப் பிடுங்கிப் பார்க்கவில்லை,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாலரைக்கு இங்கேயும் கரண்ட் போனது.
கீழே யாரோ சிங்களத்தில் திட்டினார், பாண் பாதி வெந்திருக்கும்.
லாப்டாப் வெளிச்சத்தில் லிங்கரின் வரைபடத்தைத் திறந்தேன்.
யாருக்கு எந்த முகவரி, வரிவரியாக.
மின்தடைக்கென்று நான் எழுதிய பதினாறு வரிகள்
இனிட் பிரிவில் குடியிருந்தன.

இனிட் என்றால், துவக்க வேலைக்கு மட்டும் ஆள்.
வேலை முடிந்ததும் கெர்னல் அந்த நிலத்தை
எடுத்துக்கொள்ளும்.
திரையில் ஒரு வரி வரும்:
நூற்று முப்பத்தாறு கிலோபைட் விடுவிக்கப்பட்டது.
விடுவிக்கப்பட்டது.
இந்தச் சொல்லைத் தோட்ட ஆபீஸ் தாளில் ஒருமுறை பார்த்திருக்கிறேன்,
அப்பாவின் பெயருக்கு நேரே.

தவறு மேலே இருந்தது.
வேறொரு வேலைக்காக இனிட்டுக்குள் போனவள்
வெளியே வர மறந்திருக்கிறேன்.
அதற்குக் கீழே எழுதிய அத்தனையும்
டெக்ஸ்டில் இருப்பதாக நம்பிக்கொண்டு
இடிக்கப்போகும் லயத்தில் படுத்திருக்கின்றன.
அசெம்பிளர் ஏனென்று கேட்காது.
கடைசியாக எங்கே நிற்கச் சொன்னாயோ
அங்கேயே அடுக்கிக்கொண்டு போகும்.

ப்ரீவியஸ். முன்னிருந்த இடத்துக்குத் திரும்பு.
புள்ளியோடு சேர்த்து ஒன்பது எழுத்து.
மறுபடி கட்டி, ஏற்றி,
பவர்பாங்க் வயரைப் பிடுங்கினேன்.
பச்சை விளக்கு ஒருமுறை இமைத்தது.
அணையவில்லை.

கூரியர் பையன் அப்போதுதான் அழைத்தான்.
இரண்டாவது போர்டு. பிடிவாதமாக
வீட்டு முகவரி கொடுத்திருந்தேன்.
"அக்கா, லயன் ஏழுன்னு போட்டிருக்கு.
எல்லாம் ஆபீஸ்ல தானே குடுக்கிறது?"
வேண்டாம், இறங்கி வாங்க.
தண்ணி டாங்கியில் திரும்பி, மாதா சுரூபம் தாண்டி, நீலக் கதவு.
"அங்க சிக்னல் இல்லையே, எப்படிக் கூப்பிடுறது?"
வாசலில் நின்று
கொரட்டி என்று சத்தமாகச் சொல்லுங்கள்.
அம்மா வருவாள்.