குண்டு விழும் தூரம்

வடக்கே?
சித்தப்பா மனை, என்றார் சபாநாயகம்.
கிழக்கே வண்டிப்பாட்டை.
தெற்கே ராமாபுரம் போகும் வாய்க்கால்.
மேற்கே?

அண்ணனும் தம்பியும்
என் மேசைமேல் இருந்த கோந்து டப்பாவைப் பார்த்தார்கள்.

மஞ்சக்குப்பம் பதிவு அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே
பத்தொன்பது வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன்.
ஒருவர் மேற்கைச் சொல்லத் தயங்கினால்
அங்கே ஒரு வழக்கு படுத்திருக்கிறது.

இதில் ஒரு தென்னை.
யாருடையது என்று பதினேழு வருடம்.
காய் பறிக்கத் தடையுத்தரவு வாங்கினார் அண்ணன்.
கீழே விழுந்ததைப் பொறுக்கத் தடையுத்தரவு வாங்கினார் தம்பி.
நெற்றாகி நெற்றாகிக் கிடந்ததை
கோர்ட் கமிஷனர் வந்து எண்ணிப்போனார்.
தானே புயலில் மரம் வேரோடு சாய்ந்தது.
வழக்கு சாயவில்லை.
மரம் நின்ற குழி யாருக்கு என்று
மனுவில் ஒரு வரி திருத்திக்கொண்டார்கள்.

சிரிப்பை அடக்கத் தெரியாதவள்
இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது.

இந்த மண்ணுக்கு இதெல்லாம் பழக்கம்தான்.
தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வெள்ளைக்காரன் வாங்கியபோது
நான்கெல்லை எழுதவில்லை யாரும்.
பீரங்கி சுடுவது,
குண்டு எதுவரை போகிறதோ அதுவரை வாங்கியவனுக்கு.
அதுதான் பேச்சு.
இருந்ததில் நல்ல பீரங்கியைச்
சென்னையிலிருந்து வரவழைத்தார்களாம்.
குண்டு கிராமங்கள் என்றே பேராகிவிட்டது.

எவ்வளவு தூரம் போகும் என்று
விற்றவர் ஏன் கேட்கவில்லை?
வெட்கமாக இருந்திருக்கும்.
சந்தனமும் வெற்றிலையும் சுற்றிவரும் நேரத்தில்
பீரங்கியின் வாயை எத்தனை விரல் தூக்கினார்கள் என்று
யார் போய்க் குனிந்து பார்ப்பது?

எனக்கு, குண்டு விழுந்த இடத்தில் நின்றவன்மேல்தான் நினைப்பு.
கேழ்வரகுக்குக் களை வெட்டிக்கொண்டிருந்திருப்பான்.
பனங்காய் அளவில் ஒன்று வானத்திலிருந்து வந்து
வரப்பில் புதைந்து புகைந்திருக்கும்.
காலால் தள்ளிப் பார்த்திருப்பான். சூடு.
அடுத்த அறுப்புக்கு வரி வாங்க
வேறு ஆள் வருவான் என்று
அவனுக்கு யார் போய்ச் சொல்வது?

வாங்கியவன் கெட்டிக்காரன் என்கிறீர்களா.
அறுபத்தெட்டே வருடம்.
பிரெஞ்சுக்காரன் வந்து கோட்டையைப் பிடித்து
வெடிவைத்துத் தகர்த்தான்.
மூன்றாம் வருடம் அவனுடைய புதுச்சேரியை
இவன் போய் இடித்தான்.
கெடிலம் எப்போதும்போல் கடலுக்குப் போனது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.
ஊருக்கெல்லாம் எல்லை எழுதுகிறவள்
ஒரு மனை வாங்கினேன்.
சித்திரை வெயிலில் காரில் கூட்டிப்போய்க் காட்டினார்கள்.
கல் நட்டு மஞ்சள் பெயின்ட்.
வாசலில் ஒரு வளைவு,
வளைவின்மேல் இரண்டு சிமென்ட் வாத்து.
வாத்து எதற்கு என்று நான் கேட்கவில்லை.
எழுதுகூலி மிச்சம் என்று பத்திரத்தை நானே அடித்தேன்.
தெற்கே: ஏரி.
இந்த விரல்தான். ஏ. ரி.

வீடு கட்டிக் குடிபோன வருடம்,
தீபாவளிக்கு முந்தின இரவு,
இடுப்பளவு தண்ணீர்.
பலகாரத் தூக்கு மிதந்து முன்னறைக்குப் போனது.
கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவில்
விரால் ஒன்று சாவகாசமாக வாலசைத்துக்கொண்டிருந்தது.
டார்ச் அடித்தேன்.
வாடகை பாக்கி வைத்தவளைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தது.

மேற்கே? என்றேன் மறுபடி.
இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது.
ஒருவர் மகன் மஸ்கட்டில், இன்னொருவர் மகன் ஓசூரில்.
அந்தக் குழிக்காக எவனும் பஸ் ஏறி வரமாட்டான்.
“தென்னை நின்ற குழி, பொது. அப்படியே போடுங்கம்மா,”
என்றார் தம்பி திருஞானம்.
அண்ணன் தலையசைத்தார்.
பார்க்க நன்றாகத்தான் இருந்தது.
அடித்துவிட்டுப் பிரின்டரில் தாள் வைக்கக் குனிந்தேன்.

“அந்தக் குழியில மறுபடி ஒரு கன்னு வெச்சா,”
அண்ணன் தொண்டையைச் செருமினார்,
“வெச்சவனுக்குத்தானே காய்?”

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
யூபிஎஸ் பேட்டரியை மாற்றச் சொல்லி
ஆறு மாதமாகக் கத்துகிறான் ஜெராக்ஸ் கடைப் பையன்.
நான் இன்னும் எதையும்
சேமித்திருக்கவில்லை.