இரண்டு விரல் கூடுதல்

பதினொன்றாம் நிமிடத்தில் கரண்ட் போனது.
சூட்டுப் போர்வைக்குள் பலகை பாதிதான் வெந்திருந்தது:
நடுவில் ஈரத் துண்டுபோல் துவண்டு,
முனை இரண்டும் இன்னும் விறைப்பாக.
மெரிபேங்க் தெரு முழுக்க
மின்விசிறிகள் ஒரே மூச்சில் ஓய்ந்தன.

"இப்பவே வளைச்சிடு" என்றான் எம்தோகோசிசி.
கேட்டிருக்கக் கூடாது.
அச்சில் வைத்து அழுத்தியதும்
முழங்கை மடக்கியதுபோல் ஓரிடத்தில் மடிந்து
அப்படியே இறுகிவிட்டது,
பைன்டவுனிலிருந்து வண்டிக்கூரையில் கட்டிக்கொண்டு வந்த
வெள்ளை பிவிசி, ஐந்தரை மீட்டர்.

தனசக்ரி கோவெண்டர் படியில் நின்று பார்த்தாள்.
முன்வாசல் சதுரமாக இருக்கக் கூடாது,
அவள் கேட்டது அவ்வளவுதான்.
மார்ச்சில் அவர் பெட்டியோடு போனதிலிருந்து
கேட்டின் பூட்டு, சுவரின் நிறம்,
இப்போது வாசல்.
"வந்தா வீடு தெரியக் கூடாது."

இரண்டரை மணி நேரம் ஆகும் என்றது போன்.
மாமரத்தடியில் சாய்த்து வைத்திருந்த அச்சை
நாடாவால் அளந்து பார்த்தவள்
"வாசலை விடக் குறுகலா இருக்கே?" என்றாள்.
இரண்டு விரல் கூடுதலாக வளைக்கணும்,
விட்டதும் அது கொஞ்சம் தளரும்,
அப்போதுதான் கேட்ட இடத்தில் வந்து நிற்கும்.
"எல்லாத்துக்கும் அப்படித்தானா?"
எனக்குத் தெரியாதம்மா. பிவிசிக்கு அப்படி.

நாலரைக்கு
பக்கத்து வீட்டு ரேடியோ பாதி வாக்கியத்தில் தொடங்கியது.
மடிந்த பலகையை மறுபடி போர்வைக்குள் படுக்கவைத்தோம்.
சூடு ஏற ஏற
யாரும் தொடாமலே முழங்கை நிமிர்ந்தது,
கடையில் வாங்கிய அன்றைய நேர்.
ஆச்சரியமாக இருக்குமென்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
பார்த்தாள்.
பிடிக்கவில்லை போலும், உள்ளே போய்விட்டாள்.

அப்புறம் ஒன்றரை நிமிடம்தான்.
தூக்கு, சாய், பிடி, கிளாம்ப்,
அந்தப் பக்கம், அந்தப் பக்கம்டா,
ஈரச்சாக்கு, ஆவி,
கையுறைக்குள் கொதிக்கும் வியர்வை.
ஆறியபின் கிளாம்பை எடுத்தோம்.
சொன்ன சொல் மாறாமல் இரண்டு விரல் தளர்ந்து
வாசல் தலையில் உட்கார்ந்தது.

"டிசம்பர் வெயில்ல திரும்ப நேராயிடுமா?"
வெள்ளையாகவே இருந்தால் ஆகாது.
கறுப்பு அடித்தால் நான் பொறுப்பில்லை.
"கறுப்பு அவருக்குத்தான் பிடிக்கும்" என்று
ரேண்ட் நோட்டுகளை எண்ணிக் கொடுத்தாள்.
இருபது குறைந்தது.
எம்தோகோசிசி என்னைப் பார்த்தான்.
நான் ஏணியை மடக்கினேன்.